இறுக்காமல் விட்ட பேட்டரி வயர்

பெயர்: தெருவில் ‘சூறாவளி’ என்று கேட்டால்தான் தெரியும். வயது அறுபத்திரண்டு. முன்பு லாரி ஓட்டுநர், தற்சமயம் குடும்பத்தாருக்குக் கேட்காமலே ஆலோசனை வழங்குபவர். முகவரி: ரொட்டிக்கடைக்குப் பின்புறம், தங்கை வீட்டு மாடி அறை.

மேற்படி முகவரியில் குடியிருக்கும் நான் விசாரணையில் சொல்வது என்னவென்றால், நேற்று மதியம் கால் எலும்பு முறிந்த என் தங்கைக்கு மாவுக்கட்டுப் போட்டு, அவள் வீட்டுக் காரின் பின்சீட்டில் காலை நீட்டி உட்கார வைத்து, மருத்துவமனையிலிருந்து ஓட்டி வந்தேன். வழியில் டேஷ்போர்டில் பேட்டரிப் படம் போட்ட சிவப்பு லைட் எரிந்தது. அதன் பேரில் மெக்கானிக்கிடம் கைப்பேசியில் பேசினேன். அவர், “சார்ஜ் ஏறல. ஏசி, பாட்டு எல்லாத்தையும் நிறுத்திட்டு நேரா ஷெட்டுக்கு வாங்க. வழியில என்ஜினை அணைச்சிராதீங்க. மீட்டர் வெச்சுத்தான் பாக்கணும். பெரியவரே, உங்க கைவரிசையைக் காட்டிராதீங்க” என்றார்.

அந்தக் கடைசி வார்த்தை என் மானத்தைச் சுட்டது. லாரி ஓட்டிய காலத்தில், என்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றிப் பார்ப்போம். என்ஜின் நின்றால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் காலி, ஓடினால் நலம். அப்படி நான் கழற்றிய வயர்களை முடிச்சுப் போட்டால் நிலாவுக்குப் போய்த் திரும்பலாம். இவ்விடத்தில் வாக்குமூலம் எழுதும் அதிகாரி, “அளக்காதீங்க” என்றதால் பக்கத்து ஊர் வரை என்று திருத்திக்கொள்கிறேன்.

அதன் பிறகு ஒரு பஞ்சர் கடையில் ஸ்பானர் வாங்கி வயரைக் கழற்றினேன். என்ஜின் ஓடியது. உலகத்தையே வென்ற சக்கரவர்த்தியைப் போல் தங்கையைப் பார்த்தேன். அவள், “அண்ணே, அந்தாளு தொடாதேன்னாரே” என்றாள். “அவன் பொறக்கறதுக்கு முன்னாடியே நான் வண்டிக்கு வைத்தியம் பாத்தவன்” என்றேன். பிறகு வயரைக் கையால் அழுத்திச் செருகிவிட்டு, பெருமிதத்தில் நட்டை இறுக்க மறந்து ஸ்பானரைத் திருப்பிக் கொடுத்தேன். சிவப்பு லைட் அப்போதும் எரிந்தது. லைட்டுக்குத்தான் கோளாறு என்று தீர்ப்புச் சொன்னேன். ஓடும் வண்டியில் வயரைக் கழற்றியதில் ஆல்டர்னேட்டரே கருகியிருந்தது என்பது பிறகு மெக்கானிக் சொல்லித் தெரியவந்தது.

அதன் பிறகு ரயில்வே கேட்டை நெருங்கும்போது மணி அடிக்க ஆரம்பித்தது. நின்றால் என்ஜின் அணைந்துவிடுமோ என்று பயந்து நிற்காமல் ஏறினேன். முதல் தண்டவாளத்தில் சக்கரம் குதித்தது. வயர் கழன்று, வண்டி செத்தது. முன்னும் பின்னும் கேட் இறங்கியது.

நான் என் பக்கக் கதவைத் திறந்து இறங்கி ஓடிப்போய்ப் பின்கதவை இழுத்தேன். ஓடும்போது தானாக விழுந்த பூட்டு, கரண்ட் செத்ததால் திறக்கவில்லை. உள்ளிருந்து திறக்க முடியாதபடி பேரனுக்காகச் சைல்டு லாக் போட்டிருந்தோம். பானெட்டைத் திறக்க ஓடினேன், பாதியில் திரும்பினேன், மறுபடியும் கைப்பிடியையே இழுத்தேன். என் பக்கக் கதவு திறந்துகிடந்தது என் புத்திக்கு எட்டவில்லை. தண்டவாளம் அதிர்வது செருப்பு வழியாகத் தெரிந்தது. தங்கை கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தபடி என்னையே பார்த்தாள்.

கேட்கீப்பர், “தள்ளுய்யா!” என்று என்னை நெட்டித் தள்ளிவிட்டு, ஜல்லிக்கல்லால் கண்ணாடியை உடைத்தார். இருவரும் அவளை ஜன்னல் வழியாக இழுத்தோம். மாவுக்கட்டு சிக்கியது. ஹாரன் சத்தத்தில் அவள் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. கேட்கீப்பர் காலைத் திருப்பி உருவினார். மூவரும் சரிவில் உருண்டோம். அதன் பிறகு ரயில் காரை இழுத்துக்கொண்டு போனது. எவ்வளவு தூரம் என்று கேட்கிறீர்கள். நான் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தேன்.

மெக்கானிக் மீதோ கேட்கீப்பர் மீதோ எந்தத் தவறும் இல்லை. உருண்டபோது தங்கை என் சட்டைக் காலரைப் பிடித்தாள். ஆம்புலன்ஸிலும் விடவில்லை. நர்ஸ் கத்தரித்துத்தான் என்னைப் பிரித்தார். அந்தத் துணி இன்னும் அவள் கைக்குள் இருக்கிறது.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நடந்தது நடந்தபடியே இருக்கிறது. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். கை நடுக்கம் நிற்காததால் பெருவிரல் ரேகை வைக்கிறேன்.

(இடது பெருவிரல் ரேகை)