சொன்ன கிழமையில் பால்

பாலை ஆடை படியாமல் ஆற்றுவது எனக்குச் சின்ன வயதிலேயே கைவந்த வேலை, ஐயா. உங்கள் ஸ்டேஷன் டீயில் இப்போது மிதக்கிறதே, அப்படி என் கையில் ஒரு நாளும் மிதந்ததில்லை. சரி, எழுதிக்கொள்ளுங்கள். பெயர் கெங்கம்மாள், வீடு காட்டுப்பாக்கம், கரையான்சாவடி மிஷன் ஆஸ்பத்திரியில் பின்கட்டு வார்டு ஆயா.

இனி மருந்தில்லை என்று டாக்டர் கைவிட்டவர்களுக்குத்தான் அந்த வார்டு. வலி தெரியாமல் பார்த்துக்கொள்வது, உடம்பு துடைத்துவிடுவது, சிஸ்டர் ஜெபம் சொல்லும்போது பக்கத்தில் நிற்பது, இவ்வளவுதான் வேலை. சிஸ்டர் தங்கமானவர். சாகிறவர்கள் எந்தச் சாமியைக் கூப்பிட்டாலும் தடுக்கமாட்டார். அறுபத்தெட்டு ஐப்பசியில் ஹாங்காங் காய்ச்சல் வந்து கட்டில்கள் நிறைந்தபோது, தொற்றிக்கொள்ளும் என்று சொந்தக்காரர்களை வாசல் கேட்டோடு நிறுத்திவிட்டார்கள். உயிர் போகும்போது பிள்ளை கையால் ஒரு வாய் பால் ஊற்றாவிட்டால் நம் ஜனங்களுக்கு மனசு ஆறுமா? சிஸ்டரிடம் கேட்டேன். 'எனக்குப் பதில் நீ ஊற்று' என்பது போல அவர்கள் சொம்பைத் தொட்டுக் கொடுக்கட்டும், நான் உள்ளே கொண்டுபோய் ஊற்றுகிறேன் என்றேன். சம்மதித்தார்.

கேட்டில் நிற்பவர்கள் கேட்டது ஒன்றுதான்: எப்போது? ஃபேக்டரியில் லீவு சொல்ல வேண்டும், வேப்பம்பட்டிலிருந்து சம்பந்தி வர வேண்டும், மேளத்துக்கு ஆள் அனுப்ப வேண்டும். அவர்கள் படும் அவஸ்தை எனக்குப் பொறுக்கவில்லை. பொன்னியம்மா என்ற ஒரு கிழவிக்குச் செவ்வாய்க்கிழமை என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தேன். அதே செவ்வாய் போய்ச் சேர்ந்தாள். அவள் மகள் என் காலில் விழுந்தாள். அதுவரை என் காலில் யாரும் விழுந்ததில்லை, ஐயா. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

அடுத்தவர் முனியன். வியாழன் என்று சொல்லியிருந்தேன். வியாழன் சாயங்காலமும் மூச்சு சீராகவே வந்துகொண்டிருந்தது. வாசலில் மேளக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கொஞ்சம் ஒத்தாசை செய்தேன். தலையைப் பின்னால் சாய்த்துப் பிடித்து, பாலை நிறுத்தாமல் ஊற்றினேன். அதற்குப் பிறகு என் வாக்கு பொய்த்ததே இல்லை. பூந்தமல்லி வரைக்கும் என்னை 'நாள் சொல்ற ஆயா' என்றார்கள்.

கெடுத்தவர் கோதண்டம்தான். அவர் மகன் உத்தமன் அம்பத்தூரில் லேத்து ஓட்டுகிறவன். வெள்ளிக்கிழமை காலை என்று நான் சொன்னதை நம்பி ஒரே ஒரு நாள் லீவு வாங்கியிருந்தான். இவரோ வியாழன் மத்தியானம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

"ஆயாம்மா, பசி தாங்கல. கருவாட்டுக் கொயம்பு எங்கனா கெடைக்குமா?"

எனக்கு எரிச்சலாக வந்தது. மறுநாள் போகிற மனுஷர் கேட்கிற கேள்வியா அது? சிஸ்டர் பார்த்தால் பிழைக்கிறவர்கள் இருக்கும் முன்கட்டுக்கு மாற்றிவிடுவாரே என்று அவரைப் படுக்கவைத்து, முகம் வரைக்கும் போர்த்திவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை உத்தமன் அழுதுகொண்டே சொம்பைத் தொட்டுக் கொடுத்தான். பாலை நன்றாக ஆற்றி, ஆடையில்லாமல் எடுத்துப் போனேன். கோதண்டம் சொம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா, இது அந்தப் பாலா?"

பொய் சொல்ல எனக்கு வராது. "ஆமா நைனா. வெள்ளிக்கெயம ஆயிடிச்சி" என்று தலையைப் பிடித்தேன்.

கடித்துவிட்டார், ஐயா. இதோ, இந்த விரல். நான் உதறுவதற்குள் எழுந்து ஆஸ்பத்திரி வேட்டியோடு வாசலுக்கு நடந்தார். கேட் திறந்ததும் பிணம்தான் வருகிறது என்று மேளக்காரர்கள் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கிழவர் அந்த அடிக்கு நடுவில் வந்து நின்றார். மேளம் நின்றது.

"டேய் உத்தமா, நான் சாவலடா. உள்ள கீற ஆயா தலயப் புட்ச்சிகினு சாவடிக்குது."

சிஸ்டர் என்னைப் பார்த்த பார்வையைத்தான் இன்னும் தாங்க முடியவில்லை. உத்தமனுக்கு ஒரு நாள் லீவும் வீண். நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். தானாகப் போன பொன்னியம்மாவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவளைக் கழித்தால், இந்தக் கையால் சொன்ன நாளில் போனவர்கள் பதினோரு பேர். அவர்களில் ஒருவராவது வந்து என்மேல் ஒரு குறை சொன்னதுண்டா, ஐயா?