பெட்டி வரும் வரை

மத்தியானம் மூன்று மணி. அது பேய் வருகிற நேரமா என்று சிரிக்க வேண்டாம். ஆனி மாதம் சாரல் இறங்கிவிட்டால் தென்காசிப் பக்கம் மூன்று மணிக்கும் ஏழு மணிக்கும் வித்தியாசம் கிடையாது. மலை தெரியாது. கோயிலின் மொட்டைக் கோபுரம் தெரியாது. எதிரே வருகிற ஆள் பக்கத்தில் வந்த பிறகுதான் ஆள் என்றே தெரியும்...

சிற்றாற்றங்கரைக்குப் போகிற ஒற்றைப் பாதை. இரண்டு பக்கமும் வயல். பாதையோரம் தனியாக ஒரு சினிமாக் கொட்டகை. தகரக் கூரை. அதைத் தாண்டினால் ஒரு சுடலைமாடன் பீடம். அதையும் தாண்டினால் சுடுகாடு. வேறொன்றும் இல்லை.

கதவை ஒட்டி யாரும் உட்கார வேண்டாம். சாரல் அடிக்கும். இந்தப் பக்கம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் வருகிறபோது வரட்டும்.

இது எனக்கு நடந்ததில்லை. செங்கோட்டையில் என்னோடு வேலை பார்த்த செல்லப்பாவின் சித்தப்பாவுக்கு நடந்தது. பெயர் ஞானசம்பந்தம். அந்தக் கொட்டகைக்கு அவர்தான் மேனேஜர். மங்களா டாக்கீஸ் என்று பெயர். எழுபத்தொன்பதில் நடந்தது. இன்றைக்குப் போய்த் தேடினால் அங்கே நெல் மூட்டைதான் இருக்கும்.

அந்த வருஷம் ஒரு பெரிய படம் பொங்கலுக்கு வருவதாக இருந்தது. ஊரே காத்திருந்தது. அச்சன்புதூர், கீழப்பாவூர் வரைக்கும் வண்டி கட்டி, கொட்டு அடித்து, நோட்டீஸ் கொடுத்தாயிற்று. பொங்கல் வந்தது, படம் வரவில்லை. கலர் பிலிம் கிடைக்கவில்லை என்றார்கள். சித்திரைக்கு வரும் என்றார்கள். சித்திரையில் கதாநாயகனுக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். ஞானசம்பந்தம் வாசல் பலகையில் 'அடுத்த வெள்ளிக்கிழமை' என்று சாக்பீஸால் எழுதுவார். வெள்ளிக்கிழமை போகும். எழுத்தை அழிக்கவே மாட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை என்பது எப்போதும் அடுத்த வெள்ளிக்கிழமைதானே...

அதுவரை ஓட்டுவதற்குப் பழைய படங்கள்தான். வெளியே மழை பெய்தால் திரையிலும் மழை பெய்யும். பிலிமில் அவ்வளவு கோடு. வருகிறவர்கள் வாசலோடு நின்று பலகையைப் பார்த்துவிட்டு, "அந்தப் படம் வந்தாச் சொல்லி அனுப்புங்க அண்ணாச்சி" என்று திரும்பிப் போய்விடுவார்கள். குற்றாலத்தில் அருவி விழ ஆரம்பித்ததும் அவர்களும் நின்றுபோனார்கள். முதலாளி ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். சீசன் முடிவதற்குள் கூட்டம் வரவில்லை என்றால், கொட்டகையை நெல் குடோனுக்கு விட்டுவிடுவார்.

ஞானசம்பந்தத்தின் மைத்துனர் தூத்துக்குடியில் ஒரு மில்லில் அவருக்கு இடம் பார்த்து வைத்திருந்தார். மனைவி அகிலாண்டம் தினமும் கேட்பாள்.

"எப்பக் கெளம்புதோம்?"

"பெட்டி வரட்டும். வர்ற படத்தை விட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும்?"

"வராத படத்தத்தான விடப் போறிய."

பெட்டி என்றால் படச்சுருள் வருகிற தகரப் பெட்டி. மதுரையிலிருந்து பஸ்ஸில் வரும். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் போய் நின்றார். ஆபரேட்டர் ஆதம், பெண்கள் பக்கம் கேட்டில் நிற்கிற மாடத்தி, அவர்கள் வீட்டு அடுப்பு எல்லாம் அந்தப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. ஊரை விட்டுப் போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை.

ஒரு நாள் காலையில் கொட்டகையைத் திறக்க வந்தவர் நேரே சுடலைமாடன் பீடத்துக்குப் போனார். சாமி கும்பிடுகிற மனிதர் இல்லை. அன்றைக்கு என்னவோ போனார். கையைக் கட்டிக்கொண்டு சத்தமாகவே கேட்டார்.

"ஆளு வரணும்யா. எந்த ஆளா இருந்தாலும் சரி. கொட்டகை நெறையணும்."

பின்னால் விளக்குமாறோடு வந்த மாடத்தி நின்றுவிட்டாள். "அண்ணாச்சி, இங்கன நின்னு அப்பிடிக் கேக்கப்பிடாது. என்ன ஆளுன்னு சொல்லிக் கேக்கணும்."

அவர் சிரித்துவிட்டு வந்துவிட்டார்.

அன்றைக்கு மத்தியானம் வழக்கம்போல ரிக்கார்டு போட்டார்கள். கூம்பு ஸ்பீக்கரில் பாட்டு வயல் முழுக்கக் கேட்டது. ஒருவரும் வரவில்லை. ரிக்கார்டு தீர்ந்து, ஊசி சுற்றிச் சுற்றி இழுக்கிற சத்தம் மட்டும்... கர்க்... கர்க்... ஆதம் அதை நிறுத்திவிட்டு, "குத்தாலத்துல தண்ணி நல்லா விழுதாம். ஒரு முழுக்குப் போட்டுட்டு சாயந்தரம் வந்திருதேன் அண்ணாச்சி" என்று சைக்கிளை எடுத்தான்.

ஞானசம்பந்தம் திரை நனைகிறதா என்று பார்க்க உள்ளே போனார். அவர் உள்ளே இருப்பது மாடத்திக்குத் தெரியாது. ஓசியில் யாரும் நுழைந்துவிடக் கூடாது என்று எல்லாக் கதவுக்கும் வெளியில்தான் தாழ்ப்பாள். அவள் ஒவ்வொன்றாகத் தாழ் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

தாழ் விழுகிற சத்தம் அவருக்குக் கேட்டது. ஓடி வந்து தட்டினார். கத்தினார். தகரத்தின் மேல் மழை. அவர் கத்தியது அவருக்கே கேட்கவில்லை. சாயங்கால ஆட்டத்துக்கு வந்து திறப்பார்கள், அதுவரை இருந்துதான் ஆக வேண்டும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். தட்டுத் தடுமாறி நாற்காலி வரிசைக்கு வந்து, ஒன்றில் உட்கார்ந்தார்.

அந்த நாற்காலிகளைச் சொல்ல வேண்டும். மரப்பலகை. உட்காரும்போது பலகையைக் கீழே இறக்க வேண்டும், 'டப்' என்று விழும். எழுந்தால் கம்பிச்சுருள் இழுத்து, தானாக மேலே மடங்கிக்கொள்ளும். ஆள் கனம் இல்லாமல் கீழே நிற்காது.

கும்மிருட்டு. கொஞ்சம் கண் அசந்திருப்பார்...

டப்.

முன்வரிசையில். எலி என்று நினைத்தார்.

டப்... டப்.

எலி பலகையை இறக்குமா?

பிறகு வரிசையாக விழ ஆரம்பித்தது. நிதானமாக. அவசரமே இல்லை. கூட்டம் உள்ளே வந்து இடம் பார்த்து உட்காருமே, அப்படி. ஒரு வரிசை நிறைந்து அடுத்த வரிசை. அடுத்த வரிசை நிறைந்து அதற்கடுத்தது. சத்தம் அவரை நோக்கி வந்துகொண்டே இருந்தது. கூடவே ஒரு வாடை. நனைந்த தலைமுடி, தேங்காய் எண்ணெய், வாடின பிச்சிப்பூ, ஈரச் சேலை... ஹவுஸ்புல் ஆன கொட்டகையில் வருமே, அதே வாடை. எத்தனை மாதமாக அந்த வாடைக்கு ஏங்கியிருப்பார். இப்போது மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவர் வரிசையிலும் விழுந்தது. வலது பக்கம் டப். இடது பக்கம் டப்.

எழுந்து வெளியே போகப் பார்த்தார். படம் நடக்கும்போது நடுவில் எழுந்து போனால், பக்கத்தில் இருக்கிறவர்கள் முழங்காலை ஒதுக்கி வழி விட வேண்டும் இல்லையா... முழங்கால் இடித்தது. ஜில்லென்று, ஈரமாக. ஒதுங்கவில்லை. மறுபக்கம் திரும்பினார். அங்கேயும் முழங்கால். ஒதுங்கவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இடது காதுக்குப் பக்கத்தில் ஒரு பெண் குரல். சாதாரணமாக, பக்கத்து வீட்டுக்காரி கேட்கிற மாதிரி.

"படம் எப்பப் போடுவிய?"

மாதக்கணக்கில் சொல்லிச் சொல்லிப் பழகின வாய். அது தானாகச் சொன்னது. "பெட்டி இன்னும் வரல. அடுத்த வெள்ளிக்கிழமை."

"சரி. நாங்க இருந்துக்கிடுதோம்."

எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று அவருக்குத் தெரியாது. சாயங்காலம் மாடத்தி கதவைத் திறந்து டார்ச் அடித்தாள். நடுவரிசையில் ஞானசம்பந்தம் மட்டும் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். வேறு ஆள் இல்லை. ஆனால் கொட்டகை முழுக்க ஒவ்வொரு பலகையும் கீழே இறங்கி இருந்தது. ஒன்றுகூட மேலே மடங்கவில்லை.

அவர் வரிசை வழியாக வரவில்லை. நாற்காலி முதுகில் ஏறிக் குதித்து வந்தார். வாசலில் நின்ற மாடத்தி, "நான் சொன்னம்லா" என்று மட்டும் சொன்னாள்.

அகிலாண்டத்திடம் விஷயத்தைச் சொல்லாமல், "மூட்டையக் கட்டு, தூத்துக்குடிக்குப் போவோம்" என்றார். ஆனால் கிளம்புவதற்குள் காய்ச்சலில் விழுந்தார். காய்ச்சல் விட்டு எழுந்த அன்று ஆதம் சைக்கிளில் பறந்து வந்தான். பெட்டி வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் அவனே தொட்டுப் பார்த்தானாம். அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

போகாமல் இருக்க முடியுமா. முதலாளி ஆள் அனுப்பிவிட்டார். ஊர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. மத்தியான ஆட்டத்துக்கு அந்த ஒற்றைப் பாதை தாங்கவில்லை. வண்டி, சைக்கிள், கைக்குழந்தை, சோற்றுத்தூக்கு. ஞானசம்பந்தமே கவுண்டரில் உட்கார்ந்து டிக்கெட் கொடுத்தார். மனதில் ஒரு தெம்பு. இத்தனை பேர் உள்ளே போனால் வேறு எது அங்கே இருக்கும்...

கதவு திறந்ததும் ஜனம் ஓடியது. ஓடின ஜனம் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது.

"உள்ள எடமே இல்லியே அண்ணாச்சி. எங்களுக்கு முன்னாடி யார உள்ள விட்டிய?"

யாரும் பயப்படவில்லை. கோபம்தான். அச்சன்புதூர் மாடக்கண்ணு பட்டாளத்தில் இருந்து வந்தவர். அவர் மட்டும் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். "ஒரு சேர் காலியாத் தெரிஞ்சுது, உக்காந்தேன். ஒரு பொம்பளையாளு மடியில உக்காந்துட்டேன் போலுக்கு. நல்லவேள, ஒண்ணும் சொல்லல. ஆனா என்னா குளிரு அந்தம்மா உடம்பு."

ஞானசம்பந்தம் உள்ளே போய்ப் பார்த்தார். ஒருவர் இல்லை. எல்லாப் பலகையும் கீழே.

ஆபரேட்டர் அறைக்கு ஏறினார். ஆதம் சின்ன ஜன்னல் வழியாகக் கொட்டகையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். "தல தலயாத் தெரியுது. இப்பிடிக் கூட்டம் பாத்து எத்தன நாளாச்சு. நீங்க ஏன் இப்பிடி வேர்த்துப்போய் நிக்கிய?"

ஞானசம்பந்தம், "படத்தப் போடு. பாத்துட்டுப் போவட்டும்" என்றார்.

வெளியே நின்றவர்களிடம், அதே டிக்கெட்டுக்குச் சாயங்கால ஆட்டத்தில் இடம் உண்டு என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். பிறகு உள்ளே வந்து, வாசல் கதவு சாத்திக்கொள்ளாமல் காலால் அணை கொடுத்து, சுவரோடு ஒட்டி நின்றார். படம் ஓடியது. ஆறு மாதம் ஊரைக் காக்க வைத்த படம். கதாநாயகன் வருகிற இடத்தில் ஒரு விசில் இல்லை. சிரிக்கிற இடத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் யாரோ குழந்தையைத் தட்டிக் கொடுக்கிற சத்தம் மட்டும் கடைசி வரை கேட்டுக்கொண்டே இருந்ததாம். தட்... தட்... தட்...

படம் முடிந்தது. விளக்குப் போட்டார்கள்.

முன்வரிசையில் ஒரு பலகை மடங்கியது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசை வரிசையாக. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொட்டகை முழுக்க மடங்கி எழுந்துவிட்டது. ஈரக்காற்று ஒன்று அவரை உரசிக்கொண்டு வாசல் வழியாகப் போனது. சட்டென்று போய்விடவில்லை. ஒரு ஹவுஸ்புல் கூட்டம் வெளியேற எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் போய்க்கொண்டே இருந்தது.

கடைசியில் நின்றது. பிச்சிப்பூ வாடையும் போயிற்று.

ஞானசம்பந்தம் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அவர்கள் கேட்டதைக் கொடுத்தாயிற்று. போய்விட்டார்கள். கொட்டகை பிழைத்தது. ஆதம், மாடத்தி, எல்லாரும் பிழைத்தார்கள். தூத்துக்குடிக்குப் போக வேண்டாம் என்று மனைவிக்கு ஆள் சொல்லி அனுப்பினார். முகத்தைக் கழுவிக்கொண்டு, சாயங்கால ஆட்டத்துக்கு அவரே போய்க் கவுண்டரைத் திறந்தார்.

கவுண்டர் என்றால் கை நுழைகிற அளவு ஓட்டைதான். குனிந்து வெளியே பார்த்தார்.

வரிசை பாதை வரைக்கும் நின்றது. நல்ல கூட்டம். ஆனால் யாரும் நெருக்கி நிற்கவில்லை. ஒரு ஆள், அப்புறம் ஒரு ஆள் நிற்கிற அளவுக்குக் காலி இடம். அப்புறம் ஒரு ஆள், அப்புறம் காலி இடம். கடைசி வரைக்கும் அப்படியே. அந்த இடத்தில் யாரும் முண்டியடித்து நுழையவில்லை. ஏன் நடுவில் விட்டிருக்கிறாய் என்று ஒருவரும் கேட்கவும் இல்லை.

முதலில் நின்றவர் கீழப்பாவூர்க்காரர், தோளில் குழந்தை. அவர் பக்கம் டிக்கெட்டை நீட்டினார் ஞானசம்பந்தம். அந்த ஆள் வாங்கவில்லை. தனக்கு முன்னால் இருந்த காலி இடத்தைப் பார்த்து மரியாதையாக ஒரு அடி பின்னால் ஒதுங்கிக்கொண்டு சொன்னார்.

"மொதல்ல இவியளுக்குக் குடுங்க அண்ணாச்சி. இவியதான் முன்னாடி வந்து நிக்காவ."