ரஷ்யாக்காரன் சேனல்

வேண்டாம் தம்பி, அந்தச் சின்ன டிஷ்ஷ வண்டியிலயே வச்சிருங்க. தமிழ்ச் சேனல் அம்புட்டும் வரும்னு தெரியும். எனக்கு வேண்டியது ரஷ்யாக்காரன் சேனல். எம் பொஞ்சாதி சுப்புலட்சுமி அது ஒண்ணுதான் பாப்பா.

மாடியில மல்லாந்து கெடக்கே பெரிய டிஷ்ஷு, அது எங்க மச்சான் சங்கையா கேபிள் நடத்துனப்ப வாங்குனது. தொழில் படுத்ததும் எடைக்குப் போடப் பாத்தாரு. நாந்தான் இந்த நாரணாபுரத்துக்கு லோடு ஆட்டோவுல ஏத்திட்டு வந்தேன். அவரே வந்து திருப்பித் திருப்பி வச்சு அந்த ரஷ்யா சாட்டிலைட்டப் புடிச்சுக் குடுத்தாரு. நம்ம உச்சிக்கு மேலயே நிக்குமாம். பூமி சுத்துற வேகத்துக்கு அதுவும் சுத்துறதால நகராத மாதிரி இருக்குமாம்ல.

என்ன வரும்னா... பனிக்குள்ள ரயிலு போகும். ஒரு பொம்பள முட்டைக்கோசு நறுக்கிச் சூப்பு வைப்பா. எனக்கு ஒரு எழவும் புரியாது. இருந்தாலும் அச்சாபீஸ் வேலை முடிஞ்சு வந்து அவகூட உக்காந்துருவேன். அந்தப் பொம்பள புருசன்கூடச் சண்டைன்னு இவளா ஒரு கதை சொல்லுவா. சிரிப்பா.

போன வருசம் மச்சான் சொன்னாரு, அந்தச் சாட்டிலைட்டுக்கு வயசாயிருச்சு, பதிலுக்குப் புதுசு ஏவுதான்னு. ஏவுனதப் போன்ல காட்டுனாரு. ராக்கெட்டு அடியில நெருப்பு வந்ததும் இவ எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டா. நல்லபடியா போய்ச் சேரணும்னு நான் மாரியாத்தாளுக்கு வேண்டிக்கிட்டேன். சிரிக்காதீக. அது மாசக்கணக்குல மெல்லப் போயித்தான் அதோட எடத்துல நிக்குமாம். காத்துக் கெடந்தோம். நின்னுருச்சு. பழச அணைச்சுட்டான். புதுசோட சிக்னலு அவங்க நாட்டுப் பக்கந்தான் விழுகுதாம்.

நீங்களும் அதத்தான் சொல்லுதீக. மதுரையிலருந்து வந்தவரும் வயரெல்லாம் மாத்திப் பாத்துட்டு அதத்தான் சொன்னாரு.

தமிழ்ச் சேனல் போட்டுப் பாக்காம இருப்பனா? பக்கத்து வீட்டுல லைன் வாங்கிப் போட்டேன். சீரியல்ல அவுக வாயவே பாத்துக்கிட்டு இருந்தா. என்ன சொல்லுதாக, என்ன சொல்லுதாகன்னு எங்கிட்டக் கேட்டா. நான் கையக் காட்டி ஒண்ண வெளக்குறதுக்குள்ள அங்க பத்து பேசிருதாக. சரி விடுன்னுட்டு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா. அன்னையிலருந்து டிவி பக்கமே வரல.

கோளாறு அவளுக்குப் பொறவியில இல்ல தம்பி. ரெண்டு தீபாவளிக்கு முன்னாடி ஆனைக்குட்டம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி வெடிச்சுச்சுல்ல, அதுல தப்பிச்சு வந்தவ இவ. மேலுல ஒரு காயமில்ல. காதுதான் ரெண்டும் போச்சு.

ரஷ்யாக்காரன் பேசுனா எனக்கும் புரியாதுல்ல. அப்ப அவ எங்கிட்ட எதுவும் கேக்க வேண்டியிருக்காது.

அந்த வயரக் கழத்தாதீக. அப்படியே கெடக்கட்டும்.