இரவு முழுதும் பாதுகாப்பு

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வண்டியை எங்கே விடுவது என்று பெரிதாக யோசிப்பதில்லை மேடம். மீன் சாப்பாடு எங்கே நன்றாக இருக்கும் என்று நாலு பேரிடம் விசாரிப்பார்கள். வண்டியை மட்டும் கிடைத்த இடத்தில் விட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள்.

என் பெயர் திருநாவுக்கரசு. செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனி கேட்டில் பத்தொன்பது வருஷம் செக்யூரிட்டியாக இருந்தேன். கம்பெனியை மூடிய பிறகு, தேவனாம்பட்டினம் பீச்சுக்குப் போகிற வழியில் ஒரு காலி மனையைக் குத்தகைக்கு எடுத்தேன். கம்பி வேலி கட்டி, விளக்கு போட்டு, 'இரவு முழுதும் பாதுகாப்பு' என்று போர்டு வைத்தேன். காவல் காப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை தெரியாது.

வண்டிகள் வரவில்லை. சிதம்பரத்தில் சாமி பார்த்துவிட்டு, பிச்சாவரத்தில் படகு ஏறிவிட்டு, சாயங்காலம் இங்கே வந்து சேர்கிறவர்கள் என் கேட்டைத் தாண்டிப் போய் சவுக்குத் தோப்பு ஓரமாக ரோட்டிலேயே நிறுத்தினார்கள். நான் ஒவ்வொரு வண்டியாகப் போய்ச் சொன்னேன்.

"இங்க உடாதீங்க சார், கண்ணாடிய ஒடச்சிடறானுங்க."

அப்போது யாரும் எதையும் உடைத்திருக்கவில்லை. ஒருவர் சிரித்தார். "எத்தினி வருஷமா வர்றோம், எங்களுக்குத் தெரியாதா?" என்றார். மறுநாள் விடியற்காலையில் அவர் காரின் பின்கண்ணாடியை நான் உடைத்தேன். சீட்டில் ஒரு பை இருந்தது. அதைத் தொடவில்லை. தொடாததால், நான் திருடன் இல்லை என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக டீ குடிக்க முடிந்தது.

அடுத்த வாரம் இன்னொரு கார். சித்திரை முடிவதற்குள் ஏழு வண்டி. அதற்குப் பிறகு என் இடம் நிரம்ப ஆரம்பித்தது. இதே ஸ்டேஷனுக்கு வந்து, ரோட்டில் விளக்கும் ரோந்தும் வேண்டும் என்று நானே மனு கொடுத்தேன். நீங்கள் அப்போது இங்கே இல்லை. பேப்பரில் என் படம் வந்தது. வியாபாரிகள் கூடி எனக்குச் சால்வை போர்த்தினார்கள். உடம்பு கூசியது. கொஞ்ச நேரம்தான்.

போன மார்கழியில், ஆருத்ரா தரிசனத்துக்கு மறுநாள், சேலத்துக் குடும்பம் ஒன்று வேனில் வந்தது. டிரைவர் லூர்துசாமி மரியாதையான ஆள். "லாட்ஜில எடமில்லீங்க, வண்டியிலயே படுத்துக்கறோம்" என்றார். ரோட்டில் விட்டால் கண்ணாடியை உடைத்துவிடுவார்கள், என் இடத்தில் பாத்ரூமும் இருக்கிறது, உள்ளே விடுங்கள் என்றேன். அந்தக் குடும்பத் தலைவர் தன் மகளைப் பார்த்துச் சொன்னார்: "பாத்தியா, இந்த ஆளே ஒடச்சிப்புட்டு இந்த ஆளே காவலும் காப்பாரு போல." விளையாட்டாகத்தான் சொன்னார். அந்தப் பெண் சிரித்தது. பெயர் சிந்துஜா. பத்தாவது படிக்கிறது. நானும் சிரித்தேன். அவர்கள் உள்ளே வராமல் வேனைத் தோப்பு ஓரமாக ரோட்டிலேயே நிறுத்தினார்கள்.

விடிவதற்கு முன்னால் அவர்கள் சூரியன் பார்க்கக் கரைக்குப் போனார்கள். வேன் காலியாக இருக்கிறது என்று நினைத்துத்தான் போனேன். இதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டது அவ்வளவுதான். மீதியையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண் கரைக்குப் போகவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தது. அடையாளம் தெரிந்து, என்ன வேண்டும் என்று கேட்பதற்காகக் கண்ணாடியைத் தள்ளித் திறக்கப் போனது. என் கையில் கல் இருந்ததையும் பார்த்துவிட்டது. கல்லைக் கீழே போட்டிருக்கலாம். நான் அடித்தேன்.

அலறல் கேட்டு முதலில் ஓடிவந்தவன் காத்தவராயன். பீச்சில் வேர்க்கடலை விற்றுவிட்டுத் தள்ளுவண்டியிலேயே படுத்துக்கொள்கிறவன். அவன்தான் அந்தப் பிள்ளையைத் தூக்கினான். கையெல்லாம் ரத்தம். தோப்புக்குள் திரும்பிக்கொண்டிருந்த என்னை ஒரு தடவை பார்த்தான். கல்லைத் தோப்புக்குள் எறிந்துவிட்டு, என் இடத்திலிருந்து வருவதுபோல் நான் சுற்றி வந்தபோது கரையிலிருந்து கூட்டம் வந்துவிட்டது. அவனைப் பிடித்து வைத்திருந்தார்கள். பெண்ணின் அப்பா என்னிடம் கேட்டார்: "இவனாங்க?"

"ரொம்ப நாளாவே எனக்குச் சந்தேகந்தான்" என்றேன்.

நான் அவனை அடிக்கவில்லை. "போதும், உடுங்க" என்றுகூடச் சொன்னேன், மெதுவாக. அவன் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். அடித்தவர்கள் மேல் நடக்கிற கேஸில் நான் சாட்சி.

சிந்துஜாவுக்கு ஒரு கண் போய்விட்டது. மயக்கம் தெளிந்ததும் "பார்க்கிங் அங்கிள், பார்க்கிங் அங்கிள்" என்று இரண்டு தடவை சொன்னதாம். அதன்பிறகு அன்றைக்கு நடந்ததைப் பற்றி வாய் திறப்பதில்லையாம். மகள் என்னைத் தேடுகிறாள் என்று நினைத்து அவள் அப்பா போன் செய்து நன்றி சொன்னார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

காத்தவராயன் மனைவி ஞானாம்பாளுக்கு என் இடத்திலேயே வேலை கொடுத்தேன். பெருக்குவாள், கேட் பார்த்துக்கொள்வாள். செய்த பாவத்துக்கு ஏதோ ஈடு செய்கிறேன் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. நேற்றுச் சாயங்காலம் ரோட்டில் நின்ற ஒரு காரில் இருந்த அம்மாளிடம் அவள் பேசியதை வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன்.

"இங்க உடாதீங்கம்மா. என் வூட்டுக்காரரே அந்த வேலதான் பண்ணாரு, எனக்குத் தெரியாமப் போச்சு. ஒரு பொண்ணுக்குக் கண்ணு போயிடுச்சு."

சொல்லிவிட்டு அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிட்டாள், தானே மன்னிப்புக் கேட்பதுபோல. அவள் முதலில் நம்பவில்லை மேடம். பல மாசம் தினமும் என் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் நம்பினாள்.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. வரும்போது பேங்குக்குப் போகிறேன் என்றேன். "வெயில்ல அலையாதீங்கண்ணே, சீக்கிரம் வந்துடுங்க" என்றாள். நீங்கள்தான் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லும்போது, அவள் புருஷன் சாகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை என்பதையும் சேர்த்து...

இல்லை, அதை எழுதாதீர்கள். அந்த மூன்று நாளும் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து சாமியைக் கும்பிட்டேன், அவன் கண் விழித்துவிடக் கூடாது என்று. ஞானாம்பாள் அதைப் பார்த்தாள். அன்றிலிருந்துதான் என்னை அண்ணே என்று கூப்பிடுகிறாள்.