பதினான்காவது கேமரா

காப்பி வேண்டாம் சார், வெந்நீர் இருந்தால் போதும். நாள் முழுக்க ஏசி அறையில் உட்கார்ந்திருப்பதால் எனக்குச் சாயங்காலமானால் தொண்டை கட்டிக்கொள்ளும்.

ஒரு சின்னத் திருத்தத்துக்காகத்தான் வந்தேன். விபத்து அறிக்கையின் நான்காம் பக்கத்தில், ‘காரை ஓட்டிவந்த பெண் அஜாக்கிரதையாக வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. என் தங்கை அஜாக்கிரதைக்காரி இல்லை. ஏன் என்று புரிய வேண்டுமானால் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்காக வருத்தப்பட்டதும் இல்லை. காலையில் நாலரைக்கு எழுந்து அம்மாவுக்கு உடம்பு துடைத்து, உடை மாற்றி, கஞ்சி ஊட்டி, புண் வராமல் இருக்க முதுகில் பவுடர் போட்டு, தலைவாரி நடுவகிடு எடுத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன். பகலில் மாடிவீட்டு அம்மாள் வந்து பார்த்துக்கொள்வார். வீட்டுக்கு வர ஆறரை ஆகும். பிறகு மறுபடியும் அதே வேலைகள். அம்மா என்னிடம் அதிகம் பேச மாட்டாள். ‘தண்ணி’ என்பாள், ‘திருப்பு’ என்பாள். வாய் கோணிவிட்டதால் பேசக் கஷ்டமாக இருக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

தங்கை கல்யாணமாகிப் புறநகருக்குப் போனவள். வீட்டில் அவளைச் சிட்டு என்போம். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வர இரண்டரை மணி நேரம் ஆகும். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவாள், அரைநாள் இருப்பாள், போகும்போது அழுவாள். எனக்கு அவள் மேல் அப்போது கொள்ளைப் பிரியம்.

பிறகு அந்த விரைவுச்சாலையைத் திறந்தார்கள். நகரத்தின் நடுவிலிருந்து புறநகர்வரை இருபத்தாறு கிலோமீட்டர், பாதிக்கு மேல் தூண்கள் மீது ஓடுகிறது. அதன் கட்டுப்பாட்டு அறையில் எனக்கு வேலை மாற்றம் கிடைத்தது. ஒவ்வொரு தடத்துக்கும் மேலே ஒரு மின்பலகை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பச்சை அம்பு எரிந்தால் போகலாம், சிவப்புப் பெருக்கல் குறி எரிந்தால் அந்தத் தடம் மூடியிருக்கிறது. எங்காவது வண்டி நின்றுவிட்டால் நாங்கள் சிவப்பைப் போட்டுவிட்டு மீட்பு வண்டியை அனுப்புவோம். சிவப்பைப் போட மற்றவர்களுக்குப் பத்து விநாடி ஆகும். எனக்கு மூன்று.

சிட்டு ஒரு நீலநிறக் கார் வாங்கினாள். வேலை முடிந்து ஐந்து மணிக்குக் கிளம்பினால் இருபத்தைந்து நிமிஷத்தில் எங்கள் வீடு. தினமும் வர ஆரம்பித்தாள். நகரத்துக்குள் வரும் தடங்கள் என் பொறுப்பு என்பதால் அவள் வருவதை நான் திரையில் பார்ப்பேன். முதலில் முப்பதாவது கேமராவில் தெரிவாள், பிறகு இருபத்திரண்டில், பிறகு பாலத்து வளைவிலிருக்கும் பதினான்கில். ஒவ்வொரு திரையாகத் தாண்டி என் வீட்டுக்குப் போவாள். நான் நாற்காலியில் இருப்பேன்.

ஒருநாள் நான் வீட்டுக்குப் போனபோது வாசலிலேயே சிரிப்புச் சத்தம் கேட்டது. அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். கோணிய வாயால் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள், முழு வாக்கியங்களாக. என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். கையில் கண்ணாடி இருந்தது. தலையில் பக்கவகிடு, ஒரு கிளிப்.

“நல்லா இருக்குல்லக்கா? பத்து வயசு கொறஞ்சுட்டாங்க,” என்றாள் சிட்டு.

நன்றாகத்தான் இருந்தது. நானும் அப்படியே சொன்னேன். மறுநாள் காலையில் நடுவகிடு எடுத்தேன். சாயங்காலம் அது மறுபடி பக்கத்துக்குப் போயிருந்தது. இரண்டு வருஷம் அப்படியே நடந்தது. இதைப் பெரிய விஷயம் என்று நான் சொல்லவில்லை.

போன மாதம் சிட்டு என்னைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “அக்கா, அம்மா என்கூட வந்து இருக்கேங்கறாங்க. சனிக்கிழமை கூட்டிட்டுப் போகட்டுமா? நீயும் எவ்வளவு வருஷம்தான் பாப்ப. உனக்கும் கொஞ்சம் ஓய்வு வேணாமா?”

“அம்மாவே சொன்னாளா?”

“அவங்கதான். ‘பெரியவ பாவம், மெஷின் மாதிரி ஓடுறா’ன்னு சொல்லி வருத்தப்பட்டாங்க.”

சரி என்றேன். அம்மாவின் துணிகளை நானே மடித்துப் பெட்டியில் அடுக்கினேன். எந்த மாத்திரை எப்போது என்று பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி வைத்தேன். மனதில் எதையாவது வைத்திருந்தால் இதையெல்லாம் செய்திருப்பேனா, நீங்களே சொல்லுங்கள்.

வியாழக்கிழமை, ஐந்து பதினாறுக்கு, அவள் கார் பாலத்து வளைவு தாண்டியதும் ஓரத் தடத்தில் நின்றது. பதினான்காவது கேமரா. பக்கத்து இருக்கைக்காரர் நகரத்திலிருந்து வெளியே போகும் தடங்களைப் பார்ப்பவர், அந்த நேரத்தில் அவருக்குத் தலை தூக்கவும் முடியாது. என் கைபேசி அடித்தது. அவசர எண்ணுக்குப் பேசினால் பதிவாகும். அவள் என் எண்ணுக்கே பேசினாள்.

“அக்கா, வண்டி நின்னுடுச்சு. ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குது.”

“தெரியுது. பாத்துட்டுதான் இருக்கேன்.”

“எறங்கி அந்தத் தடுப்புக்குப் பின்னாடி போய் நிக்கட்டுமா? அப்படித்தான போர்டுல எழுதியிருக்கு?”

அப்படித்தான் எழுதியிருக்கிறது. அந்த வாசகத்தை எழுதிய குழுவில் நானும் இருந்தேன்.

“வேணாம்,” என்றேன். “உள்ளயே உக்காரு. பெல்ட்டைக் கழட்டாத. நான் தடத்தை மூடிட்டேன், ஒரு வண்டியும் வராது.”

“சரிக்கா. நீ பாத்துட்டு இருக்கறப்ப எனக்கென்ன பயம்,” என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு வேறு பேச்சு. அம்மாவுக்கு முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி இரண்டு வாங்கியிருக்கிறாளாம், மாற்றிவிட இனிமேல் சுலபமாக இருக்குமாம். நான் ‘ம்’ கொட்டிக்கொண்டே இருந்தேன். கை சுவிட்ச் பக்கத்திலேயேதான் இருந்தது. எந்த நிமிஷமும் போட்டிருக்கலாம் என்பதால் எனக்குப் பதற்றம் வரவில்லை. ஏழு நிமிஷம் ஆயிற்று. வளைவு தாண்டி வந்த வண்டிகள் கடைசி நொடியில் அவளைப் பார்த்து விலகிப் போயின. லாரியால் அப்படி விலக முடியவில்லை. லாரிக்காரர் மேல் தப்பில்லை, தயவுசெய்து அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் தலைக்கு மேலே பச்சை அம்புதான் எரிந்தது.

அதற்குப் பிறகு சிவப்பைப் போட்டேன். மூன்று விநாடிதான் ஆயிற்று. மீட்பு வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் சொன்னேன். மேலதிகாரி ஓடிவந்தார். எல்லாம் முடிந்த பிறகு என் தோளைத் தொட்டு, “சொந்தத் தங்கச்சின்னு தெரிஞ்சும் கை நடுங்காம வேலை பாத்தீங்களேம்மா,” என்று கண்கலங்கினார். பலகை தாமதமாக மாறியது மின்கோளாறு என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஆக, திருத்தம் இதுதான். அவள் அஜாக்கிரதையாக உட்கார்ந்திருக்கவில்லை. நான் உட்காரச் சொன்னேன், அதனால் உட்கார்ந்திருந்தாள். தடத்தை மூடிவிட்டதாகப் பொய் சொன்னேன், நம்பினாள். கார் தானாகத்தான் நின்றது. மற்றதெல்லாம் நான் செய்தது. அக்கா பேச்சைக் கேட்ட பெண்ணை முட்டாள் என்று அரசாங்கக் காகிதத்தில் எழுதிவைப்பது சரியில்லை.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? கொஞ்சம் சீக்கிரம் முடித்துக்கொடுங்கள் சார், ஏழு மணிக்கு அம்மாவுக்கு மாத்திரை கொடுக்க வேண்டும். நீங்கள் என்னை உள்ளே வைத்துவிட்டால் அம்மாவை யார் பார்ப்பார்கள் என்பதுதான் ஒரே கவலை. இந்த விஷயம் முழுவதையும் அவளிடம்தான் முதலில் சொன்னேன், காரியம் முடிந்த மறுநாள், உடம்பு துடைத்துவிட்டுக்கொண்டே. என்னதான் இருந்தாலும் பெற்றவளிடம் மறைக்கக் கூடாது. அன்றிலிருந்து அம்மா யாரிடமும் பேசுவதில்லை. தண்ணீர்கூடக் கேட்பதில்லை. கேட்காமலேயே எனக்குத் தெரியும் என்று விட்டுவிட்டாள். இப்போதெல்லாம் என் காலடிச் சத்தம் கேட்டாலே போதும், அம்மா நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொள்கிறாள். நான் அறையை விட்டுப் போகும்வரை திறப்பதே இல்லை.