எரிக்காத துண்டு

காப்பி கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும், டாக்டர். பாக்கெட் பாலில் போட்டது. இந்தத் தெருவில் இப்போது கறவை மாடு ஏது? பொங்கல் முடிந்ததும் எல்லா வீட்டு மாட்டுக்கும் ஒரே சமயத்தில் எப்படி அம்மை கண்டது என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வருகிறீர்கள். வெயிலில் அலைய வேண்டாம். குடியுங்கள், நானே சொல்கிறேன்.

கலைப்பிரியா கார்த்திகையில்தான் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தாள். ஒலக்கூர்ப் பெண். வந்த மறுநாளே எங்கள் செவலைப் பசுவின் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றாள். யாரையும் கிட்டே விடாத மாடு, அவளுக்குத் தலையைத் தாழ்த்திக் கொடுத்தது. மார்கழியில் அதன் உடம்பெல்லாம் கட்டி கட்டியாக எழும்பிற்று. நீங்கள்தான் வந்து ஊசி போட்டீர்கள். ஒழுகிய மூக்கைப் பொழுதுக்கும் துடைத்துவிட்டவள் அவள். மாடு செத்த அன்று அவள் அழுத மாதிரி என் அம்மாவுக்குக்கூட நான் அழவில்லை.

"புதுப்பொண்ணு கால் வச்ச நேரம், லட்சுமி மாதிரி இருந்த மாட்டை ஆத்தா வாரிக்கினு போயிட்டா" என்று குழாயடியில் அவள் காதுபடவே பேசினார்கள். என் மனைவியும் அதையே சொல்ல ஆரம்பித்தாள். "நான் என்னா மாமா பண்ணேன்?" என்று கலை ஒருநாள் என்னைக் கேட்டாள். எனக்கு மனசு தாங்கவில்லை. அவளை இந்த வீட்டில் வாழவைக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஒரு வீட்டு மாட்டுக்கு மட்டும் அம்மை கண்டால் அது அந்த வீட்டுக் குற்றம். தெருவுக்கே கண்டால் யாரைச் சொல்வார்கள்? நீங்களே சொல்லுங்கள்.

மூக்கைத் துடைத்த துண்டை எரித்துவிடச் சொல்லியிருந்தீர்கள். நான் அதை ஒரு பையில் சுற்றிப் பரணில் போட்டுவைத்தேன். பொங்கல் கழித்துத் தடுப்பூசி முகாம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். அதனால் மாட்டுப் பொங்கலை விட்டால் எனக்கு வேறு நாள் இல்லை.

அன்றைக்கு எங்கள் மாட்டுக் கொட்டாய் வெறுமனே கிடந்தது. பக்கத்து வீட்டு அம்மணி வந்தாள். புருஷன் இல்லாதவள், அவளுக்கு இருந்தது ஒரே ஒரு சினைமாடு. "ஏண்ணா இப்படித் தனியா குந்திக்கினு இருக்கீங்க? வந்து எங்க மாட்டுக்குப் பொட்டு வச்சி உடுங்க" என்றாள். அதைப் பார்த்து மற்ற வீட்டுக்காரர்களும் கூப்பிட்டார்கள். என் மேல் இரக்கப்பட்டுத்தான் கூப்பிட்டார்கள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். ஒவ்வொரு மாட்டின் மூக்கையும் வாயையும் நன்றாகத் துடைத்துவிட்டு, மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தேன். அம்மணியின் மாடு என் கையை நக்கியது. அதற்கும் துடைத்துவிட்டேன்.

அது வயிற்றுக் கன்றோடு செத்தது. ஜேசிபி தோண்டிய குழியோரத்தில் உட்கார்ந்த அம்மணி எழுந்திருக்கவே மாட்டேன் என்றாள். நான்தான் கைபிடித்துத் தூக்கினேன். துக்கமாகத்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை.

ஒன்றைத்தான் நான் யோசிக்காமல் போனேன். "மொதல்ல அவங்க வூட்டு மாடு. இப்ப தெருவே போச்சி. அந்தப் பொண்ணு என்னா ராசியோ" என்கிறார்கள் இப்போது. போன வெள்ளிக்கிழமை அவள் அப்பா வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டார். படியிறங்கும்போது என்னிடம் வந்து, "எனக்கே பயமா இருக்குது மாமா. எங்கிட்டதான் ஏதோ இருக்குது போல" என்றாள்.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்று பார்க்கிறீர்கள். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் வாசலில் தெருவே நின்றுகொண்டிருந்தது, டாக்டர். இது உங்களோடு இருக்கட்டும். எல்லாம் அவளுக்காகத்தான் செய்தேன். இப்போது நான் வாயைத் திறந்தால், குற்றம் எங்கள் வீட்டுடையது என்று ஆகிவிடும்.