புனல் வைத்த மோட்டார்

கஸ்தூரி: ஏங்க, நிறுத்திட்டீங்களா?

பலராமன்: நிறுத்தலடி… ஓடிகினுதான் இருக்குது.

கஸ்தூரி: ஓடுதா! அந்தப் பனமரம் அப்பத்துலேர்ந்து அங்கியேதான நிக்குது?

கண்ணையன்: நவுருதுக்கா. பின்னாடி குந்தியிருக்கற எனக்கு நல்லாத் தெரியுது. மாமா, அந்த உருண்டைய இன்னொண்ணு பெட்ரோல் டாங்கியில போடவா?

கஸ்தூரி: வேணாண்டா! பொடவப் பொட்டியில போடுற பூச்சி உருண்டை. அதப் போட்டா மோட்டாரு பறக்கும்னு வில்லினூரு தேருல எவனோ சொன்னானாம். மலிவாக் கெடச்சுதுன்னு என் தம்பியும் மடி நெறைய வாங்கியாந்துட்டான்.

கண்ணையன்: உருண்டை மட்டுமா? பெட்ரோல் கொழாயிக்கு செப்புக்கம்பி. எஞ்சினு காத்த முழுங்கற வாயிக்கு முன்னாடி தகரப் புனலு. பாரீசுல எல்லா மோட்டாருக்கும் இதத்தான் மாட்டுறானாம். ஒவ்வொண்ணுக்கும் கால் பங்கு வேகம் கூடும்னான்.

கஸ்தூரி: நாலாவதா ஒண்ணு மாட்டியிருந்தா, குருவிநத்தத்துல கெளம்புறதுக்கு முன்னியே உறுவையாத்துல எறங்கியிருப்போம்.

பலராமன்: நையாண்டி பண்ணாதடி. உறுவையாத்து நடேசன் இன்னா சொன்னாரு? ரெண்டு வூட்டுக்காரங்களும் பொண்ணு கேக்கறீங்க, ராவுகாலம் பொறக்கறதுக்குள்ள யாரு தட்டு மொதல்ல வருதோ அவங்களுக்குத்தான் எம் பொண்ணுன்னாரு. மோட்டார்லயே வந்து நிப்பேன்னு நான் வாக்கு குடுத்திருக்கேன். உன் தம்பி கல்யாணம்டி இது!

கஸ்தூரி: அதான் ஒரு கையில தாம்பூலத் தட்டு, இன்னொரு கையில உசுரப் புடிச்சிகினு குந்தியிருக்கேன்.

பலராமன்: கெட்டியா புடிச்சிக்க. இப்ப வேகம் எடுக்கும் பாரு.

கண்ணையன்: மாமா… பின்னால ஒரு மாட்டு வண்டி வருது.

பலராமன்: யாரு வண்டி?

கண்ணையன்: ஆதிமூலம். மவனும் கூட இருக்கான். அவுங்க மடியிலயும் தட்டு.

பலராமன்: அய்யய்யோ! இரு, ஆரன் அடிக்கறேன்.

கஸ்தூரி: பின்னால வர்றவனுக்கு எதுக்குங்க ஆரன்?

பலராமன்: …ஒரு மரியாதைக்கு.

கண்ணையன்: தாண்டிட்டான் மாமா. கைய வேற ஆட்டிட்டுப் போறான்.

பலராமன்: எல்லாம் அந்த இங்கிலீசுக்காரன் சுங்கச் சாவடியில கெட்டது. புனலப் பாத்துட்டு, சாராயம் கடத்தற மோட்டாரான்னு சாவடிக்காரன் மோந்து மோந்து பாத்தான்.

கண்ணையன்: நல்லவேள, உள்ள கைய வுட்டுப் பாக்கல.

பலராமன்: வுட்டா இன்னா?

கண்ணையன்: ஒண்ணுமில்ல மாமா… கை கிழிஞ்சிடும். தகரம்.

கஸ்தூரி: ஏங்க, பக்கத்துலயே யாரோ நடந்து வருது பாருங்க.

பலராமன்: நல்லவாடு குப்பத்து மீன்காரம்மா. ஏதோ கேக்குது பாரு.

கஸ்தூரி: இன்னாம்மா?… வேணாம்மா, நீ போம்மா.

பலராமன்: ஏறிக்கட்டுமான்னுதா?

கஸ்தூரி: கூடைய எறக்கி வச்சிட்டுத் தள்ளி விடவான்னு கேக்குது.

பலராமன்: மானம் போவுது… ஏய், இன்னாமோ கருகுற வாசன வரல?

கண்ணையன்: அது உள்ள வேகம் சேர்ற வாசன மாமா. வியாபாரி அப்பவே சொன்னான்.

பலராமன்: எம்மா நேரண்டா சேரும்?

கண்ணையன்: அத அவன் சொல்லல… மாமா, மேளம்!

பலராமன்: எங்க? உறுவையாத்துலேர்ந்தா?

கஸ்தூரி: ஆமாங்க. ஆதிமூலத்து தட்ட வாங்கிட்டாங்க.

பலராமன்: …முடிஞ்சுதா?

கண்ணையன்: முடிஞ்சுது மாமா.

பலராமன்: நீ எதுக்குடி சிரிக்கிற? இரு இரு… உசுரப் புடிச்சிகினு இருக்கேன்னியே, அது இன்னா கையில?

கஸ்தூரி: கம்பி.

பலராமன்: அது கை பிரேக்குடி!

கஸ்தூரி: தெரியும்.

பலராமன்: தெரியுமா!

கஸ்தூரி: பொண்ணு பாக்கப் போன அன்னிக்கு, அந்தப் பொண்ணு அமிர்தம் கொல்லப்பக்கமா கூட்டிப்போயி என் கையப் புடிச்சிகினு அழுதுது. ஆதிமூலத்து மவனத்தான் மனசுல வச்சிருக்கேன், எப்பிடியாச்சும் லேட்டா வாங்கக்கான்னுது. நீங்க வாக்கு குடுத்துட்டீங்க, நான் எப்பிடி வாயத் தெறக்கறது? ரெண்டு நாளா சோறு எறங்கலங்க.

பலராமன்: கேட்டியாடா கண்ணையா, உங்க அக்கா பண்ண வேலைய?

கண்ணையன்: மாமா… புனலுக்குள்ள வைக்கோல் அடைச்சிருக்கேன்.

பலராமன்: நீயுமா!

கண்ணையன்: அந்தப் பொண்ண எனக்குப் புடிச்சிருந்துது மாமா, பொய் சொல்லல. ஆனா என் எதுர்ல தலையத் தூக்கவே இல்ல. யாரோ ஆதிமூலத்து மவன் பேர எடுத்தாங்க, அப்பதான் நிமுந்து பாத்துது. கஷ்டமாத்தான் இருக்குது… அதுக்காவ, அழற பொண்ணக் கூட்டியாந்து குடும்பம் நடத்த என்னால ஆவாது.

கஸ்தூரி: அட என் ராசா… ஏங்க, கோவிச்சிக்காதீங்க. உங்க வாக்குதான் போச்சு. கூடவே இந்தச் சாமானுங்களும் தண்டம். இனிமே மலிவா கெடைக்குதுன்னு எவன்கிட்டயும் வாங்காதீங்க.

பலராமன்: தண்டமா? அந்த வியாபாரியக் கண்டா இன்னும் ரெண்டு புனலு வாங்கணும்டி! அந்தப் பொண்ணு வாடுன மூஞ்சிய நானுந்தான பாத்தேன், வாக்கு குடுத்தப்புறம்… பாகூர்லேர்ந்து மொத கியர நான் மாத்தவே இல்ல. உன் பிரேக்கு, இவன் வைக்கோலு, என் கியரு… இத்தனையும் மீறி இந்த மோட்டாரு எங்கியாச்சும் நேரத்துக்குப் போய்ச் சேந்துடுமோன்னு பயந்துகினேதான ஓட்டியாந்தேன்!